கந்தையும் கண்ணியமும்: முஸ்லிம் இல்லங்களில் ஊசியும் நூலும்

தமிழில் ‘கந்தை’ என்றால் நைந்து கிழிந்த துணி நினைவுக்கு வரும். வங்காளத்தில் ‘காந்தா’ என்றால், பழைய சேலைகளை அடுக்கித் தைத்து, பூவும் கொடியும் ஓடவிட்ட போர்வை நினைவுக்கு வரும். இரண்டுக்கும் மூலம் ஒரே சொல்தான். ஒட்டுப்போட்ட துணியைக் குறிக்கும் ‘கந்தா’ என்னும் வடசொல்லே தெற்கே கந்தையாகவும் கிழக்கே காந்தாவாகவும் வழங்கலாயிற்று. ஓரிடத்தில் வறுமையின் அடையாளமாக நின்றுவிட்ட சொல், மற்றோரிடத்தில் பிறந்த குழந்தையைப் பொதியும் அன்பின் பெயராக வளர்ந்தது. இவ்விரண்டு பொருளுக்கும் நடுவே இருப்பவை ஓர் ஊசி, ஒரு நூல், யாரோ ஒரு பெண்ணின் பல மாதத்து உழைப்பு ஆகியவையே.

அந்த உழைப்பின் வரலாற்றை எழுதியவர் சிலரே. படையெடுப்புகளுக்கும் பட்டாபிஷேகங்களுக்கும் நூல்கள் நிறைய உண்டு; இல்லத்தின் முற்றத்தில் அமர்ந்து தைத்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் பதிவாகவில்லை. ஆயினும், ஹதீஸ் நூல்களிலும், பழைய துணிகளிலும், நாம் அன்றாடம் வழங்கும் சொற்களிலும் அவர்களின் தடம் கிடக்கிறது. அத்தடத்தைச் சற்றே தொடர்ந்து செல்வோம்.

மதீனத்து இல்லங்களில்

நபிமார்களில் இத்ரீஸ் (அலை) அவர்களே முதன்முதலில் ஊசியால் துணி தைத்தவர் என்றொரு செய்தியைப் பழைய வரலாற்றாசிரியர்களும் விரிவுரையாளர்களும் கூறுவதுண்டு. உஸ்மானிய நகரங்களில் தையற்காரர் சங்கத்தார் அவர்களைத் தங்கள் தொழிலின் முன்னோராகப் போற்றினர். திருக்குர்ஆனும் ஆடையை அல்லாஹ் மனிதனுக்கு அருளிய கொடைகளில் ஒன்றாக அஃராஃப் அத்தியாயத்தில் எடுத்துரைக்கிறது. உறுதியாக நூற்ற நூலைப் பின்னர்த் தானே பிரித்துப் பாழாக்கிய பெண்ணைப் போல், செய்த உடன்படிக்கையை முறித்துவிடாதீர்கள் என்று நஹ்ல் அத்தியாயம் எச்சரிக்கிறது. நூல் நூற்பதன் அருமையை அறிந்த மக்களிடம்தான் இவ்வுவமை உடனே சென்று தைக்கும்.

முதல் வஹீ இறங்கிய நேரத்தில், ஹிரா குகையிலிருந்து நடுங்கியபடி இல்லம் திரும்பிய அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம்மைப் போர்த்துமாறு வேண்டினார்கள். அன்னை கதீஜா (ரலி) அவர்கள் போர்த்தினார்கள். திருக்குர்ஆனின் இரண்டு அத்தியாயங்கள் போர்த்திக்கொண்டிருப்பவரே என்று நபியவர்களை விளித்துத் தொடங்குகின்றன. அச்சத்தில் நடுங்கும் உடலுக்கு ஒரு போர்வையும் ஒரு துணையின் கரமும் தரும் ஆறுதல், நமது மார்க்க வரலாற்றின் முதல் ஏட்டிலேயே பதிந்திருக்கிறது.

இல்லத்தில் நபியவர்கள் என்ன செய்வார்கள் என்று வினவப்பட்டபோது, தமது ஆடையைத் தாமே தைப்பார்கள், காலணியைத் தாமே செப்பனிடுவார்கள், ஏனைய ஆண்கள் தம் வீட்டில் செய்யும் வேலைகளைச் செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் விடை பகர்ந்தார்கள். ஊசி பெண்ணின் கையில் மட்டுமே இருக்க வேண்டிய கருவி என்று கருதுவோர் இச்செய்தியைச் சிந்திக்க வேண்டும்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களைப் பற்றிய மற்றொரு நிகழ்ச்சியை இமாம் புகாரி அவர்கள் தமது ‘அல் அதபுல் முஃப்ரத்’ நூலில் பதிவு செய்துள்ளார்கள். கஸீர் பின் உபைத் என்பவர் அன்னையாரைக் காணச் சென்றபோது, கிழிந்த ஆடையைத் தைத்து முடிக்கும்வரை பொறுத்திருக்குமாறு அவரிடம் கூறினார்கள். வெளியே சென்று இதனைச் சொன்னால் மக்கள் உங்களைக் கருமியென்று எண்ணுவார்களே என்றார் அவர். பழையதை உடுத்தாதவருக்குப் புதியதின் அருமை இல்லை என்னும் கருத்துப்பட அன்னையார் விடையளித்தார்கள். பெருந்தொகை கைக்கு வந்தபோதெல்லாம் அதனை ஏழைகளுக்கு வாரி வழங்கிய அன்னையார், தமது கிழிந்த ஆடையைத் தைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் இங்கே கவனிக்கத்தக்கது. கருமித்தனமும் சிக்கனமும் எதிரெதிர்த் துருவங்கள். கருமி தனக்கும் செலவிடான், பிறருக்கும் கொடான். சிக்கனமுடையவர் தமக்கென்று குறைத்துக்கொண்டு பிறருக்கென்று பெருக்குகிறார்.

அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் இதற்கு இன்னொரு சான்று. தம் மனைவியருள் நீண்ட கையுடையவரே முதலில் தம்மை வந்தடைவார் என்று நபியவர்கள் கூறியிருந்தார்கள். அன்னையர் தம் கைகளை அளந்து பார்த்தனர். ஹிஜ்ரி 20இல் ஸைனப் (ரலி) அவர்கள் மறைந்த பின்னரே அதன் பொருள் விளங்கிற்று. அவர்கள் தோல் பதனிட்டும் தைத்தும் தம் கையால் உழைத்து, அந்த வருவாயை அறம் செய்தவர்கள். கொடையில் நீண்ட கை, உழைப்பிலும் நீண்ட கையாகவே இருந்தது.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஆட்சிப் பொறுப்பில் இருந்த நாளில், அவர்களது ஆடையின் தோள்பட்டைகளுக்கு இடையே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று ஒட்டுகள் இருந்ததைத் தாம் கண்டதாக அனஸ் (ரலி) அவர்கள் கூறியதை இமாம் மாலிக் அவர்களின் ‘முவத்தா’ எடுத்துரைக்கிறது. பாரசீகத்தின் கருவூலங்கள் மதீனாவை வந்தடைந்த காலம் அது.

அதே அனஸ் (ரலி) அவர்கள், ஒரு தையற்காரர் நபியவர்களை விருந்துக்கு அழைத்ததையும், அவர் பரிமாறிய ஆணத்தில் சுரைக்காயை நபியவர்கள் விரும்பித் தேடி உண்டதையும், அன்றுமுதல் தமக்கும் சுரைக்காய் பிடித்தமானதாயிற்று என்பதையும் கூறியுள்ளார்கள். ஒரு தையற்காரரின் எளிய விருந்து ஹதீஸ் நூல்களில் நிலைபெற்றுவிட்டது.

போர்க்களம் சென்ற பஞ்சு

இரண்டு துணிகளுக்கு நடுவே பஞ்சையோ பழந்துணியையோ வைத்து, மூன்றையும் ஊடுருவித் தைத்து ஒன்றாக்கும் முறை படுக்கையறையோடு நின்றுவிடவில்லை. சிலுவைப் போர்க் காலத்தில் அது உயிர்காக்கும் கவசமாயிற்று. சிரியாவின் ஷைஸர் கோட்டையைச் சேர்ந்த உஸாமா பின் முன்கித் (1095-1188) தமது வாழ்க்கை நினைவுகளில், தம்முடைய ‘கஸாகந்த்’ என்னும் கவச அங்கியை விவரிக்கிறார். இரும்பு வளையக் கவசங்கள் உள்ளே மறைந்திருக்க, உள்துணியும் கம்பளி நமுதாவும் முயல் ரோமமும் அடுக்கித் தைக்கப்பட்டிருந்த அங்கி அது.

1176ஆம் ஆண்டு அஸாஸ் கோட்டை முற்றுகையின்போது சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபியைக் கொல்லக் கொலையாளிகள் பாய்ந்தார்கள். தலையில் விழுந்த குத்தை உள்ளே அணிந்திருந்த இரும்புக் கவசம் தடுத்தது. கழுத்தை நோக்கி வந்த கத்தி கஸாகந்தின் கழுத்துப்பட்டியில் சிக்கிக்கொண்டது. பதினோர் ஆண்டுகள் கழித்து, 1187இல் பைத்துல் முகத்தஸ் மீட்கப்பட்டது. அந்தக் கழுத்துப்பட்டியை அடுக்கித் தைத்த கை யாருடையது என்பதை எந்த வரலாற்றாசிரியரும் எழுதி வைக்கவில்லை.

ஐரோப்பியர் இந்த உடையை எடுத்துச் சென்றபோது அதன் பெயரையும் எடுத்துச் சென்றனர். பஞ்சைக் குறிக்கும் ‘குத்ன்’ என்னும் அரபுச் சொல்லே ஆங்கிலத்தின் ‘காட்டன்’ ஆயிற்று. அவர்களின் பஞ்சுக் கவசமான ‘ஆக்கெட்டன்’ என்பதும் ‘அல்குத்ன்’ என்பதன் திரிபே. தரையில் விரித்துப் போடும் இடத்தைக் குறித்த ‘மத்ரஹ்’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து ஆங்கிலத்தின் ‘மேட்ரஸ்’ பிறந்தது. நம் தமிழிலும் இத்தகைய சொற்கள் உண்டு. சட்டையின் ‘ஜேப்பு’ அரபு ‘ஜைப்’ என்பதிலிருந்தும், சேலையின் ‘ஜரிகை’ பாரசீகத்திலிருந்தும் வந்தவை. ‘நகாசு’ வேலை என்று நாம் கூறும் சொல்லும், வங்காளத்தார் ‘நக்ஷி காந்தா’ என்று கூறுவதில் உள்ள ‘நக்ஷி’யும் ஒரே அரபு வேரின் கிளைகளாகும்.

வங்காளத்து முற்றத்தில்

வங்காளத்தில் மழைக்காலம் வந்துவிட்டால் வயல்களில் நீர் நிறைந்துவிடும், வெளிவேலை குறையும். அந்த நீண்ட பிற்பகல்களில்தான் பெண்கள் காந்தா தைக்க அமர்வார்கள். பலமுறை துவைத்து மென்மையான பழைய சேலை, வேட்டி, லுங்கி ஆகியவற்றை மூன்று நான்கு அடுக்குகளாகத் தரையில் விரித்து, சுருக்கம் நீவி, ஓரம் மடித்து, முதலில் பெரிய பெரிய தையல்களால் நிலைநிறுத்துவார்கள். வண்ண நூலைக் கடையில் வாங்குவதில்லை. பழைய சேலையின் கரையிலிருந்து இழை இழையாக உருவி எடுப்பார்கள். பின்னர் மிக எளிய ஓட்டுத்தையல். ஊசி மேலே போய்க் கீழே வரும் அந்த ஒரே தையலால் தாமரையும் கொடியும் மீனும் பிறையும் உருவாகும். நெருங்கிய தையல்களால் துணியின் மேற்பரப்பு சிற்றலை ஓடும் குளம்போல் நெளியும்.

குளிருக்குப் போர்த்த ‘லேப்’, விரிப்பாகப் பயன்படும் ‘சுஜ்னி’, நூல்களையும் விலைமதிப்புள்ள பொருள்களையும் சுற்றிவைக்கும் ‘போஸ்தானி’ என்று காந்தாவில் வகைகள் பல. முஸ்லிம் இல்லங்களில் தொழுகை விரிப்பும், உணவு விரிப்பும், திருக்குர்ஆனை இட்டு வைக்கும் உறையும் காந்தாவாகவே தைக்கப்பட்டன. முஸ்லிம் பெண்களும் இந்துப் பெண்களும் ஒரே கிராமத்தில், ஒரே தையலால், அவரவர் வழக்கத்துக்கேற்ற உருவங்களைத் தைத்தனர். பெரிய காந்தா ஒன்றை முடிக்கப் பல மாதங்கள், சில வேளை ஆண்டுகளும் ஆகும். பாட்டி தொடங்கியதைப் பேத்தி முடித்து வைப்பதும் உண்டு.

இக்கலையின் ஒரு கிளை வெகுகாலத்துக்கு முன்பே கடல் கடந்தது. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஹூக்ளி ஆற்றங்கரையின் சாத்காவ்ன் வட்டாரத்தில், வெண்பருத்தித் துணியில் மஞ்சள் நிறக் காட்டுப்பட்டு நூலால் தைக்கப்பட்ட பெரும் விரிப்புகளைப் போர்த்துகீசியர் தம் நாட்டுச் செல்வந்தர்களுக்காக வாங்கிச் சென்றனர். அவை இன்று மேலைநாட்டு அருங்காட்சியகங்களில் காக்கப்படுகின்றன. வீட்டுக்கெனத் தைத்த காந்தாக்களோ, பயன்பட்டுத் தேய்ந்து மறைந்தன. ஆகவே 19ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்ட வீட்டுக் காந்தாக்கள் நமக்குக் கிடைப்பது மிக அரிது.

கவிஞர் ஜஸீமுத்தீன் 1929இல் வெளியிட்ட ‘நக்ஷி காந்தார் மாட்’ என்னும் கதைக்கவிதை, கணவனைப் பிரிந்த ஒரு கிராமத்துப் பெண் தன் வாழ்வு முழுவதையும் ஒரு காந்தாவில் தைத்துவைப்பதைச் சொல்லி வங்காளத்தை உருக்கியது. குருசதய் தத் என்னும் ஆட்சிப்பணி அதிகாரி ஊர் ஊராகச் சென்று காந்தாக்களைத் திரட்டினார். கலை வரலாற்றறிஞர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1939இல் காந்தாவைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார். படித்தவர் உலகம் காந்தாவைத் திரும்பிப் பார்த்த காலம் அது.

1971 விடுதலைப் போருக்குப் பின் காந்தாவுக்கு வேறொரு பொறுப்பு வந்து சேர்ந்தது. கணவனையும் வீட்டையும் இழந்த பெண்கள் பலருக்கு வருவாய்க்கு வழி தேவைப்பட்டது. அவர்கள் கையில் இருந்த ஒரே முதல், தாயிடம் கற்ற தையல்தான். தொண்டு நிறுவனங்கள் அதனைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. 1978இல் ‘பிராக்’ அமைப்பு தொடங்கிய ‘ஆரோங்’ விற்பனை நிலையம் அவற்றுள் பெரிதும் அறியப்பட்டது. பழைய சேலையின் இடத்தைப் புதுத்துணி பிடித்தது. பேத்திக்குத் தைத்தவர்கள் முகமறியா வாடிக்கையாளருக்குத் தைத்தார்கள். வீட்டுக்கு வருவாய் வந்தது. பெண்ணின் சொல்லுக்கும் வீட்டில் மதிப்பு வந்தது. அதேவேளை, மாதக்கணக்கில் உழைத்த கைக்குச் சேரும் கூலிக்கும், நகரத்துக் கடையில் அத்துணிக்கு இடப்படும் விலைக்கும் உள்ள தொலைவு என்ன என்னும் கேள்வி இன்றுவரை எழுந்தவண்ணம் உள்ளது. உழைப்பவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கப் பணித்த மார்க்கத்தைச் சேர்ந்த நாம், கைவேலைத் துணியை வாங்கும்போது பேரம் பேசுவதற்கு முன் இக்கேள்வியை நினைத்துக்கொள்வது நலம்.

சிந்துவின் ரல்லியும் கானகத்துக் கவந்தியும்

சிந்து மாநிலத்திலும், அதையொட்டிய பலூசிஸ்தான், தென் பஞ்சாப், கட்ச், மேற்கு ராஜஸ்தான் பகுதிகளிலும் இதே போர்வைக்கு ‘ரல்லி’ என்று பெயர். கலத்தல், சேர்த்தல் என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது. காந்தாவில் தையலே ஓவியம். ரல்லியில் துண்டுத்துணிகளே ஓவியம். சதுரமும் முக்கோணமுமாக வெட்டிய வண்ணத் துணிகளை இணைத்தோ, ஒரு துணியை மடித்துக் கோலம்போல் வெட்டி மற்றொரு துணியின் மேல் பதித்தோ மேற்புறத்தை உருவாக்குவர். நடுவே பழந்துணி அடுக்கி, பாய்மேல் விரித்து, நேர்கோடுகளாகத் தைப்பர். பல பெண்கள் சுற்றி அமர்ந்து ஒரே ரல்லியைத் தைப்பதும் வழக்கம். மகளின் திருமணத்துக்காகத் தாய் ஆண்டுக்கணக்கில் ரல்லிகளைச் சேர்த்து வைப்பாள். ஒரு குடும்பத்தின் செழிப்பை, அவ்வீட்டில் அடுக்கி வைத்திருக்கும் ரல்லிகளின் உயரத்தைக் கொண்டு ஊரார் மதிப்பிடுவர்.

நமக்கு அண்டையில் உள்ள கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு வட்டாரக் காடுகளை ஒட்டிச் சித்தி மக்கள் வாழ்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். கோவாவில் போர்த்துகீசியரிடம் அடிமைப்பட்டிருந்தோர் பலர் தப்பி வந்து மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் குடியேறினர். இவர்களுள் முஸ்லிம்களும் கிறித்தவர்களும் இந்துக்களும் உளர். மூவருக்கும் பொதுவானது ‘கவந்தி’ என்னும் ஒட்டுப்போர்வை.

கவந்தியைத் தைக்கும் முறை தனித்தன்மை உடையது. ஒரு பழைய சேலையை அடியில் விரித்து, மூலை ஒன்றில் தொடங்கி, ஓரமாகவே சுற்றிச் சுற்றித் துண்டுகளை வைத்துத் தைத்தபடி நடுவை நோக்கி வருவர். முன்கூட்டி வரைந்த வடிவம் ஏதுமில்லை. கையில் கிடைத்த துண்டே அடுத்த வடிவத்தை முடிவு செய்கிறது. நான்கு மூலைகளிலும் சிறு துணிகளைப் பலமுறை மடித்து முக்கோணமாக்கித் தைத்து வைப்பார்கள். அதற்குப் ‘பூல்’, அதாவது பூ, என்று பெயர். பூ வைக்காத கவந்தி நிறைவுற்றதாகாது. முஸ்லிம் பெண்களின் கவந்திகளில் பிறை வடிவங்களைக் காணலாம். கிறித்தவப் பெண்களின் கவந்திகளில் சிலுவை வடிவங்கள் உண்டு. ஹென்றி ஜான் டிரூவல் என்னும் அமெரிக்கக் கலை வரலாற்றறிஞர் இப்போர்வைகளை ஆராய்ந்து உலகுக்கு எடுத்துரைத்தார். 2004இல் சித்திப் பெண்களுக்கெனப் போர்வைக் கூட்டுறவு ஒன்று தொடங்கப்படவும் துணை நின்றார்.

சொந்த மொழியையும் சொந்த ஊரையும் சொந்தப் பெயரையும் இழக்க நேர்ந்த மக்களின் பேத்திகள், கிடைத்த துண்டுகளைக் கொண்டு ஒரு முழுமையை உருவாக்குகிறார்கள். வறுமைதான் அவர்களைப் பழந்துணியிடம் கொண்டு சேர்த்தது. பூவை வைக்கச் சொன்னது வறுமையன்று. குளிரைத் தடுக்கப் பூ தேவையில்லை. தேவைக்கு மேலே ஒரு பூ வைத்தார்களே, அந்தப் பூவில்தான் அவர்களின் கண்ணியம் இருக்கிறது.

இயந்திரம் வந்த பின்

1831இல் பாரிஸ் நகரில், பர்த்தலெமி திமோனியே என்பவர் அமைத்த தையல் இயந்திரங்களைத் தையற்காரர்கள் திரண்டுவந்து உடைத்து நொறுக்கினார்கள். தம் பிழைப்பு போய்விடும் என்ற அச்சமே அதற்குக் காரணம். அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846இலும், ஐசக் சிங்கர் 1851இலும் காப்புரிமை பெற்றனர். 1856இல் சிங்கர் நிறுவனம் தவணை முறையில் விற்கத் தொடங்கியபின் தையல் இயந்திரம் உலகெங்கும் நடுத்தர வீடுகளுக்குள் நுழைந்தது. இந்தியாவிலும் இலங்கையிலும் அது பரவியது. திருமணச் சீர்வரிசையில் தையல் இயந்திரம் இடம்பெற்றது. வீட்டைவிட்டு வெளியே சென்று உழைக்க இயலாத பெண்ணுக்கும், கைம்பெண்ணுக்கும் அது வாழ்வாதாரம் ஆயிற்று. இன்றும் நம் ஊர்களில் ஸகாத் நிதியிலிருந்து ஏழைப் பெண்களுக்குத் தையல் இயந்திரம் வழங்கும் வழக்கம் இருப்பதற்குக் காரணம் இதுவே.

ஆனால் இயந்திரத்தால் துணி மலிந்தது. துணி மலிந்ததால் ஒட்டு மறைந்தது. கிழிந்ததைத் தைப்பதைவிடப் புதியதை வாங்குவது எளிதாகிவிட்டது. இன்று நம் வீட்டு அலமாரிகளில் ஒரே ஒரு பெருநாளுக்கு உடுத்திய ஆடைகள் எத்தனை? பொத்தான் அறுந்ததனால் ஒதுக்கப்பட்ட சட்டைகள் எத்தனை? வீண்விரயம் செய்வோரைத் திருக்குர்ஆன் ஷைத்தானின் சகோதரர்கள் என்று கடிந்துரைப்பதை நாம் உணவைப் பற்றிப் பேசும்போது மட்டுமே நினைவுகூர்கிறோம். துணிக்கும் அது பொருந்தும்.

ஒன்றை இங்கே தெளிவுபடுத்த வேண்டும். வறுமையை அழகென்று போற்றுவது நம் நோக்கமன்று. அல்லாஹ் அருளிய வசதியின் அடையாளம் அடியாரிடம் வெளிப்படுவதை மார்க்கம் வெறுக்கவில்லை. தூய்மையையும் நல்லாடையையும் அது விரும்பவே செய்கிறது. உமர் (ரலி) அவர்களின் ஒட்டு, அவர்களாகவே தேர்ந்துகொண்டது. மாற்றுடை இல்லாத ஏழையின் ஒட்டு, சமூகம் அவர்மேல் சுமத்தியது. முன்னதைக் கண்டு நாம் படிப்பினை பெற வேண்டும். பின்னதைக் கண்டு நாம் உதவ விரைய வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டால், ஏழைக்கு ஈயாமல் இருப்பதற்கு ஒட்டின் பெருமையே சாக்காகிவிடும்.

நம் இல்லங்களில் ஒரு மாதம்

கைவேலை நம் சமூகத்துக்குப் புதிதன்று. திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில், மெல்லிய கோரையால் பட்டுப்போல் நெய்த பாய்களால் உலகப் புகழ் ஈட்டியவர்கள் லெப்பை முஸ்லிம் குடும்பத்தினரே. அத்தகைய விரல்களின் வழிவந்தவர்களுக்கு ஊசி அந்நியமாகாது. பள்ளி விடுமுறையிலோ மழைக்காலத்திலோ ஒரு மாதத்தை இதற்கென ஒதுக்கலாம்.

முதல் வாரம் அலமாரிக்கு உரியது. ஆடைகளைத் தரம் பிரித்து, அறுந்த பொத்தானும் பிரிந்த ஓரமும் சரிசெய்யலாம். கிழிசலுக்கு ஒட்டுப் போடும்போது, ஒட்டுத்துணி கிழிசலைவிடச் சற்றுப் பெரிதாகவும், இழைகள் அடித்துணியின் இழைகளோடு ஒத்த திசையிலும் இருக்க வேண்டும். புதுத்துணியானால் முதலில் நனைத்து உலர்த்திக்கொள்ள வேண்டும். இல்லையேல் பின்னர்ச் சுருங்கி, சுற்றியுள்ள துணியை இழுத்துவிடும்.

இரண்டாம் வாரத்தில் ஒரு குழந்தைப் போர்வையைத் தொடங்கலாம். நன்கு துவைத்த பருத்திச் சேலையை மூன்று அடுக்காக, மூன்றடிச் சதுரமாக மடித்து விரித்தால் போதும். நடுவிலிருந்து ஓரங்களை நோக்கிச் சுருக்கம் நீவி, பெரிய தையல்களால் நிலைப்படுத்திய பின், ஓட்டுத்தையலை வரிவரியாக ஓட்ட வேண்டும். பெரிய தையல்களைக் கடைசியில் பிரித்துவிடலாம். மூன்றாம் வாரத்தில் எஞ்சிய துண்டுகளால் ஒரு தொழுகை விரிப்போ, குடும்பத்தார் அமர்ந்து உண்ண ஓர் உணவு விரிப்போ தைக்கலாம். நான்காம் வாரத்தில் தைப்பது பிறருக்கு உரியதாகட்டும். அன்னை ஸைனப் (ரலி) அவர்களின் வழி அது. தேவையுள்ள வீட்டுக்குக் கொடுப்பது, நாமே உடுத்தத் தக்கதாக இருக்க வேண்டும்.

இதில் சிறுவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; ஆண்மக்களை விட்டுவிடாதீர்கள். தமது ஆடையைத் தாமே தைத்த நபியின் உம்மத்தினர் நாம். வீட்டில் மூத்தோர் இருந்தால் அவர்களையே ஆசிரியராக அமர்த்துங்கள். கண் மங்கியிருக்கலாம், ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கப் பேரன் இருக்கிறான். அவர்கள் கைக்குத் தெரிந்ததை எந்த நூலிலும் முழுமையாக எழுதி வைக்க முடியாது. ஒரு தலைமுறை கேட்கத் தவறினால் அது அவர்களோடு மண்ணுக்குள் போய்விடும்.

தைக்காத ஆடை

ஒரு பெண்மணி ஓரம் வைத்து நெய்த போர்வை ஒன்றை நபியவர்களிடம் கொண்டுவந்து, தம் கையாலேயே நெய்ததாகக் கூறி வழங்கினார். அதன் தேவை நபியவர்களுக்கு இருந்தது; ஏற்று உடுத்தினார்கள். தோழர் ஒருவர் அதனைத் தமக்குத் தருமாறு கேட்டார். கேட்டவருக்கு இல்லையென்று சொல்லும் வழக்கம் நபியவர்களிடம் இல்லை, உடனே கொடுத்தனுப்பினார்கள். மக்கள் அத்தோழரைக் கடிந்துகொண்டபோது, தாம் இறக்கும் நாளில் அது தமக்குக் கஃபன் ஆக வேண்டும் என்பதற்காகவே கேட்டதாக அவர் கூறினார். அவ்வாறே ஆயிற்று என்று ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அந்தப் பெண்மணியின் பெயரை அறிவிப்பாளர் குறிப்பிடவில்லை. அவரது கைவேலை நபியவர்களின் மேனியைத் தொட்டு, ஒரு தோழரோடு கப்ருக்குள் சென்றது.

அபூபக்ர் (ரலி) அவர்கள் தமது இறுதி நோயில், தாம் உடுத்தியிருந்த பழைய ஆடையைச் சுட்டி, அதனைக் கழுவி, மேலும் இரண்டு துணிகளைச் சேர்த்துத் தமக்குக் கஃபனிடுமாறு மகளாரிடம் கூறினார்கள். இது பழையதாயிற்றே என்றார்கள் ஆயிஷா (ரலி) அவர்கள். புதிய துணிக்கு இறந்தவரைவிட உயிரோடு இருப்பவரே அதிக உரிமையுடையவர் என்று கலீஃபா அவர்கள் விடையளித்தார்கள்.

பிறந்த அன்று யாரோ தைத்த பழந்துணியில் பொதியப்படுகிறோம். இஹ்ராமில் ஆண்கள் அனைவரும் தைக்காத இரண்டு துணிகளோடு நிற்கிறார்கள். இறுதியில் கஃபன் துணி. அதில் ஜேப்பும் இல்லை, ஜரிகையும் இல்லை. இவற்றுக்கு இடைப்பட்ட சில ஆண்டுகளே நமக்குத் தைக்கக் கிடைத்த காலம். அக்காலத்தில் கிழிந்ததைச் சேர்க்கவும், குளிர்ந்தவரைப் போர்த்தவும், இல்லாதவருக்கு ஈயவும் நம் கைகளுக்கு வல்ல அல்லாஹ் நல்லருள் புரிவானாக! ஆமீன்.